மேல் டிவிஷன் சலவை

நீலசந்திரா ரோவர்ஸின் துணிகளை
ஒன்பது வருஷமாக நான்தான் துவைக்கிறேன்.
சோப்புத்தூளுக்குக் காசு கிளப் தரும்,
செயலாளர் இருதயராஜுக்கு ஞாபகம் வந்தால்.

போன சீசன் வரைக்கும் செம்மண்.
மைதானத்துக்குப் போக மாட்டேன், தேவையும் இல்லை.
இடது தோளில் சிவப்பு என்றால் டெரன்ஸ்,
பந்தை விட்டுவிட்டு ஆளைத் தடுத்திருக்கிறான்.
டவுசரின் பின்னால் மட்டும் என்றால்
பெனால்டி கேட்டு நடிப்பு.
முதுகு முழுக்க என்றால் ஜெயித்துவிட்டோம்:
யாரையோ தூக்கிப் போட்டு
பிடிக்க மறந்திருக்கிறார்கள்.

மார்ச்சில் மேலே ஏறினோம்.
பஜார் தெருவில் மூன்று தேக்சா பிரியாணி,
ஆட்டோ கூரைமேல் கேப்டன் எட்வின்,
அவன் கையில்
ஆகஸ்டில் திருப்பித் தர வேண்டிய கோப்பை.
சூப்பர் டிவிஷன், சூப்பர் டிவிஷன் என்று
பால் பாக்கெட் வாங்க வந்தவர்களும் சொன்னார்கள்.

இப்போது செயற்கைப் புல்.
மண்ணே கிடையாது.
காலுறையைப் புரட்டினால் கடுகு கொட்டுகிற மாதிரி
கருப்பு ரப்பர் மணிகள்.
மிஷினின் தொண்டையில் இரண்டு தடவை சிக்கி
மெக்கானிக் அறுநூறு வாங்கிப் போனான்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைக்கிறேன்.
தாளிக்கவா என்கிறாள் மகள்.

கடையில் நேற்று வாங்கிய சட்டையும்
ஆறு கோல் வாங்கிய சட்டையும்
ஒரே மாதிரி இருக்கின்றன.
இதை எப்படிப் படிப்பது?

ஆட்டம் செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணிக்கு.
யார் வேலைக்குப் போகிறவன் என்று
மேல் டிவிஷன் கேட்பதில்லை.
டெலிவரிக்கு ஓடும் ஷமீர் ஆப்பை அணைத்துவிட்டு வருகிறான்.
டெக் பார்க் வாசலில் நிற்கும் டெரன்ஸ்
இரண்டு முறை வயிற்றுவலி சொன்னான்.
மூன்றாம் முறை சூப்பர்வைசர் கேட்டாராம்:
“உன் வயிறு எந்த டிவிஷன்பா?”

போர்வெல் கம்பெனி ஸ்பான்சர் ஆனது.
நெஞ்சில் அவர்கள் பெயர்,
அதன்மேல் இஸ்திரி படக்கூடாதாம்,
உட்புறம் திருப்பித்தான் தேய்க்கிறேன்.
அவர்கள் காசில் மூன்று பேர் வந்தார்கள்:
மணிப்பூர், மலப்புரம், நைஜீரியா.
நல்ல பிள்ளைகள். நைஜீரியாக்காரன்
சட்டையை ஒரு தடவை அலசிவிட்டுத்தான் தருவான்.
பத்தாம் நம்பர் இப்போது அவனுக்கு.

எட்வினுக்குப் பதினாறு.
ஐந்து வாரமாக அது
நான் மடித்த மடிப்பிலேயே திரும்பி வருகிறது.
வியர்வை இல்லை. மணி இல்லை.
என் அலமாரி வாசனைகூடப் போகவில்லை.
மற்றதோடு சேர்த்து அதையும் நனைக்கிறேன்.
நனைக்காமல் விட்டால்
அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு முறை போய்ப் பார்த்தேன், அசோக் நகருக்கு.
கேலரியில் நம் ஆட்கள் நாற்பது பேர் இருக்கலாம்.
ஸ்கோர் பலகையில் கிளப் பெயரில்
ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
பழைய டிவிஷனில் நம் பிள்ளைகள்
பந்தைக் கேட்டுக் கத்துவார்கள்.
இங்கே கத்துவதற்குள் பந்து போய்விடுகிறது.
பாதியில் எழுந்து வந்தேன்,
நனைய வைத்த துணி இருக்கிறது என்று சொல்லி.
இருந்தது. பொய் இல்லை.

நேற்று ராத்திரி மூட்டை வந்தது.
பதினாறு மடிப்புக் கலைந்து கிடந்தது,
காலர் ஒரு பக்கமாக இழுபட்டு.
யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறார்கள்.
அப்படியென்றால்
அவனைத் தாண்டிப் போயிருக்கிறான்.
டவுசரில், வலது இடுப்போரம்,
பத்து ரூபாய் நாணயம் அளவு ரத்தம்.
செயற்கைப் புல் மண்ணைத் தராது,
தோலை எடுத்துக்கொள்ளும்.

இருதயராஜ் கதவருகே நின்று
“பவுலின், ஸ்கோர் தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.
கொஞ்சம் இருங்கள் என்றேன்.
ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது.
பச்சைத் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு,
கசக்காமல்
ஊற விட வேண்டும்.