நாற்பத்து மூன்றுக்கு எட்டு

மூஞ்சிக்கல் ஒர்க் ஷாப்பில்
பின் அச்சைப் பிரித்து வைத்திருக்கிறான் இஞ்ஞாசி.
கறுத்த எண்ணெய் தட்டில் சொட்டுகிறது.
கிரௌனை என் பக்கம் தள்ளி
"நீங்களே எண்ணிப் பாருங்கக்கா" என்கிறான்.
ஒரு பல்லில் சாக்பீஸ் குறி வைத்து
விரலால் எண்ணினேன். முப்பத்தொன்பது.
பினியனில் எட்டு.
மறுபடியும் எண்ணினேன்.
பூண்டு மூட்டை எண்ணுகிறவளுக்கு
ஒரே எண்ணிக்கையை நம்பிப் பழக்கமில்லை.

"இது ரோட்டுப் பல்லு.
நாப்பத்து மூணுக்கு எட்டு போட்டா
லோடோட சும்மா ஏறும்.
அறுபதைத் தாண்டினா அலறும்."

அறுபதில் போக எனக்கெங்கே ரோடு?
பூம்பாறை தாண்டித் தோட்டத்துக்குப் பிரிவது
ஐப்பசியில் பாதையா,
கிண்டி இறக்கிய களி.

போன ஐப்பசி. பதினெட்டு மூட்டை.
இடது பின்சக்கரம் சேற்றில் சுற்றியது, சுற்றியது.
வலது சக்கரம் கல்மேல் நின்று
வேடிக்கை பார்த்தது.
அன்றுதான் தெரிந்தது டிஃப்ரன்ஷியலின் நியாயம்:
வழுக்குகிறதற்கே வாரிக் கொடுக்கும்.
ஜீப்பில் பாதிப் பங்குள்ள கொழுந்தன் வேலப்பன்
உள்ளே உட்கார்ந்தபடி
"ரேஸ் பண்ணுங்க அண்ணி" என்றான்.
இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தி
வலது காலால் ரேஸ் கொடுத்தேன்.
சுற்றுகிறதைக் கொஞ்சம் அதட்ட
நிற்கிறதற்குக் கொஞ்சம் உயிர் வந்தது.
ஒரு முழம் ஏறினோம்.
மழை அதற்குள் தார்ப்பாய்க்குள் புகுந்திருந்தது.
நனைந்த பூண்டுக்குப் பாதி விலை.

இஞ்ஞாசி இப்போது
துணி சுற்றிய இன்னொன்றை அவிழ்க்கிறான்.
உள்ளே தோசை அடுக்கியது போல மெல்லிய தட்டுகள்.
"ஒரு வீல் தனியா ஓடப் பார்த்தா
இதுங்க இறுக்கிப் பிடிச்சு
மத்ததையும் இழுத்துட்டுப் போகும்.
முழுசா பூட்டாது. லிமிடெட் ஸ்லிப்."

போனில் வேலப்பனுக்கு ஒரே குஷி.
"கண்ணாடியில எல்.எஸ்.டி.ன்னு எழுதி ஒட்டுவோம் அண்ணி,
டூரிஸ்ட்கிட்ட ஆளுக்கு நூறு கூட வாங்கலாம்."
கொடைக்கானலில் அதை எழுதி ஒட்டினால்
முதலில் வருவது போலீஸ் தம்பி, என்றேன்.

துணியை மறுபடி சுற்றும்போது
இஞ்ஞாசி குரலைத் தாழ்த்தினான்.
"சாய்ஞ்ச புல்லுல மட்டும் பார்த்துப் போங்க.
இதுவரைக்கும் ஒண்ணு வழுக்கினா
ஒண்ணு பிடிச்சிருக்கும்.
இது போட்டா ரெண்டும் ஒத்துமையா வழுக்கும்."

பேரிக்காய் மரத்து வளைவு நினைவுக்கு வந்தது.
பாதை பள்ளத்தின் பக்கம் தோளைச் சாய்த்திருக்கும்.
கீழே மூடுபனி இருப்பதால்
எவ்வளவு ஆழம் என்று யாரும் பேசுவதில்லை.

கையில் இருப்பது ஒரு வேலைக்கான பணம்.
பல்லை மாற்றினால் முன்னும் பின்னும் மாற்றணும்,
இரண்டு அச்சும் ஒரே கணக்கில் சுற்றாவிட்டால்
நடுவில் இருப்பது உடையும்.

"பல்லு போடு" என்றேன். "ரெண்டுக்கும்.
இந்தத் தட்டு வேண்டாம்."
சேற்றுக்கு என் இடது கால் இருக்கிறது.
அந்த வளைவில்
ஒரு சக்கரமாவது மலைப் பக்கம் நிற்கட்டும்.

வேலப்பன் இரண்டு நாள் பேசமாட்டான்.
பழைய இரும்புக் கடையில் எடுத்த கிரௌனை
மண்ணெண்ணெயில் கழுவி நீட்டுகிறான் இஞ்ஞாசி.
சாக்பீஸ் ஈரத்தில் ஒட்டவில்லை.
எங்கே தொடங்கினேன் என்று தெரியாமல்
நாற்பத்தொன்றில் நிறுத்தி
கட்டைவிரலால் ஒரு பல்லை அழுத்திப் பிடித்து
மறுபடி, ஒன்று.