ஏழு தொண்டை

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மருந்துக்கடையில் நிற்கிறேன், பதினோரு வருஷமாக.
மழை வந்தால் என் தகரக் கூரைக்குக் கீழேதான் கூடுவார்கள்
டெல்பினின் ஆட்கள்.
ஆட்கள் என்றால் நான்கு பேர்.
சில நாள் ஐந்து.

போஜனுக்கு 'இரண்டாம் கியர்' மட்டும்தான் சங்கீதம்.
கல்லட்டி இறக்கத்துப் பலகையிலிருந்து
பெயரெடுத்துக்கொண்ட முதல் குழு.
பச்சைத்தேயிலை லாரியில் அதைப் போட்டால்
வளைவுகள் தானாக வழிவிடுமாம்.
"அதுக்கப்புறம் அவ எங்கப்பா பாடினா?
பரிசோதனைதான் பண்றா.
எலி நாமதான்."

நைட் டியூட்டி முடிந்து ஷம்ஷாத் வருவாள்,
கண்ணில் தூக்கம், காதில் 'அட்டை'.
பதினோரு நிமிஷம் ஒரே அலறல்,
நடுவில் ஒரே ஒருமுறை மூச்சு வாங்குவது கேட்கும்.
அந்த மூச்சுக்காகத்தான் முழுசும் கேட்கிறாளாம்.
"பிரசவ வார்டுல ஒரு ராத்திரி நில்லுங்கண்ணே,
அப்புறம் சொல்லுங்க, அது பாட்டா இல்லையானு."

வர்க்கி சுடும் இருதயராஜுக்கு 'வாட்டுத்தொட்டி' வேதம்.
மூடிக் கிடந்த ஃபேக்டரியில்
இலை வாட்டும் காற்றாடிகளை ஓடவிட்டு
அந்த இரைச்சலுக்குள் இரண்டு இரவு பாடியது.
குரல் எது, காற்று எது என்று தெரியாது.
தெரிய வேண்டாம் என்பார்.
"எங்க ஃபேக்டரில தினம் ஓடுது,
யாரு கைதட்டுறா?" என்பான் போஜன்.

டேன்டீ லைன்ஸ் பையன் சிவநேசன்
அவள் வாயே திறக்காமல் போட்ட 'ம்' ஆல்பத்தை
நாற்பது தடவை கேட்டும் பிடிக்காமல்
நாற்பத்தோராவது தடவை கேட்டுக்கொண்டிருக்கிறான்.
அவனை எந்தக் கட்சியில் சேர்ப்பது
என்பது இன்னும் தீரவில்லை.

குழந்தைகளுக்காகப் பத்திலிருந்து ஒன்றுவரை
தலைகீழாக எண்ணிப் பாடியதும் உண்டு.
மாதாகோயில் கேரல் சிடியில் மூன்றாம் வரிசையில் நின்று பாடியது
கணக்கில் சேருமா, சேராதா?
இதில் இருதயராஜும் ஷம்ஷாத்தும்
ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

ஐப்பசி கடைசி. மரப்பாலத்தில் மண்சரிவு,
மலைரயில் ரத்து.
மூக்குவரை மஃப்ளர் சுற்றிய ஒருத்தி
சீட்டை நீட்டினாள்.
குரலுக்கு ஓய்வு, மூன்று வாரம்.
கிசுகிசுக்கவும் கூடாது.
மேலே பெயர்: டெல்பின். வயது 38.

மருந்தெடுக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும்.
அன்று ஆறு ஆனது.

வெளியே போஜன் உச்சத்தில்:
"'ஈரத்துணி'ல டிரம்ஸே கிடையாதுய்யா.
டிரம்மரைத் துரத்திட்டா. அன்னிக்கே செத்துது."
அவன் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர்
அவள் செருப்பில் விழுந்தது.
"கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்கக்கா,
நனையுறீங்க பாருங்க" என்றாள் ஷம்ஷாத்,
அலறலை நொடி நொடியாக அறிந்தவள்.
அவள் தலையாட்டி, தள்ளி நின்றாள்.

பிறகு, நூலில் கட்டிய என் பேனாவை இழுத்து
பில்லின் பின்பக்கம் எழுதினாள்:
மூணாவது பாட்டில் டிரம்ஸ் உண்டு.
துவைக்கிற கல்லில் அடித்தது.
யாரையும் துரத்தவில்லை,
அவனுக்கு துபாயில் வேலை கிடைத்தது.

ஏழில் உனக்கு எது என்று கேட்க
நாக்குவரை வந்தது.
"வெதுவெதுப்பா உப்புத்தண்ணி கொப்பளிங்க" என்றேன்.
டாக்டர் அதை எழுதியிருக்கவில்லை.
இரண்டு ரூபாய்ச் சில்லறைக்கு
இரண்டு மிட்டாய் கொடுத்தேன்.
ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு
கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"யாருய்யா அது, மூஞ்சியே தெரியல?"
"தொண்டை கேஸ்" என்றேன்.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
'ஈரத்துணி' மூன்றாவதைப் போட்டேன்.
கல் கேட்டது, மங்கலாக,
யாரோ பக்கத்து வீட்டில் துவைப்பதுபோல்.
எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

நாளைக்கு போஜனிடம் சொல்ல வேண்டும்,
டிரம்ஸ் உண்டு என்று.
உனக்கெப்படித் தெரியும் என்பான்.