புகுந்த வீடு

சியாவுலெய் நகரம். வெளியே மைனஸ் பத்தொன்பது.
சர்வர் அறையில் மட்டும் கோடை.
மூன்று பெட்டிகள், லிதுவேனிய நதிகளின் பெயர்கள்:
நேமுனஸ், நேரிஸ், வென்டா.

மூன்றிலும் ஓடுவது லினக்ஸ்தான்.
ஆனால் வீட்டுக்கு வீடு வாசப்படி.
நேமுனஸில் டெபியன், எனக்கு முன்னால் இருந்தவரின் பிடிவாதம்.
நேரிஸில் ராக்கி, வைதோதஸின் காதல்.
வென்டாவில் ஓப்பன்சூசே.
யார் போட்டது என்று கேட்டால்
எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

மேலாண்மை ஜன்னல் மூன்றையும்
ஒரே மாதிரிதான் காட்டுகிறது:
சின்னத் திரை, பக்கத்தில் பெயர், மேலே பச்சை முக்கோணம்.
கல்யாணப் பத்திரிகையில்
எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பம்.

உள்ளே போனால்தான் தெரியும்.
ஒரு வீட்டில் எமுலேட்டர் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.
இன்னொன்றில் பின்கட்டில்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது,
முழுப் பாதையும் சொல்ல வேண்டும்.
ராக்கியில் கதவு திறந்தே கிடந்தாலும்
செலினக்ஸ் குறுக்கே நின்று
யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும்.
நெற்றியில் சரியான குறி இல்லாத ஃபைலை
உள்ளே விடாது.

இரவு இரண்டு பத்துக்கு
நேரிஸின் விசிறி இருமத் தொடங்கியது.
அதற்குள்தான் குடியிருக்கிறது கொதிகலன் நிலையத்தின் மெஷின்.
தெற்குக் குடியிருப்பின் ஒன்பது மாடிகளுக்கு
எத்தனை டிகிரியில் தண்ணீர் போக வேண்டும் என்று
கணக்குப் பார்ப்பது அது.
அதற்கு உடம்பு கிடையாது.
அறுபது ஜிபி ஃபைல், அவ்வளவுதான்.
தன்னை இரும்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

வென்டாவில் இடமில்லை.
கணக்கு இலாகாவின் விண்டோஸ்
காலை நீட்டிப் படுத்திருக்கிறது.
நேமுனஸுக்கு, ஓடுகிறபடியே
கூடு விட்டுக் கூடு பாய வைக்கலாம் என்று பார்த்தேன்.
பாயவில்லை.
நிறுத்தினேன். நகலெடுத்தேன்.
பதினொரு நிமிடம், கோட்டைக் கழற்றாமல்
நின்றுகொண்டே பார்த்தேன்.
பச்சை முக்கோணத்தை அழுத்தினேன்.

'இந்த மெஷின் வகை எனக்குத் தெரியாது.'

டெபியன் அப்படித்தான்,
குரலை உயர்த்தாமல் கைவிரிக்கும்.

வைதோதஸை எழுப்பினேன்.
கௌனஸில் இருக்கிறான் இப்போது, வேறு கம்பெனி.
அக்டோபரில் சண்டை போட்டுவிட்டுப் போனவன்.
எல்லாப் பெட்டியிலும் ஒரே லினக்ஸ் போட்டுவிடலாம்
என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.
எது என்பதில்தான்.

"ஸ்கிர்மன்தே, எக்ஸ்எம்எல்லைத் திற," என்றான்,
ஹலோகூடச் சொல்லாமல்.
"மெஷின் என்று ஒரு வரி இருக்கும் பார்.
பிறந்த வீட்டுப் பெயரைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கும்."

இருந்தது.
க்யூ முப்பத்தைந்து, ஒரு கோடு, அப்புறம் ரெல் ஒன்பது.
அதுகூட ராக்கியின் சொந்தப் பெயர் இல்லை,
அதன் தாய்வீட்டிலிருந்து வந்தது.
கோட்டோடு சேர்த்து அழித்தேன்.
ஃபர்ம்வேர் இங்கே வேறு அலமாரியில் இருக்கும் என்றான்.
அதையும் மாற்றினேன்.
போனில் அவன் கொட்டாவி. பின்னால் ஒரு குழந்தை அழுதது.
குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது.

மறுபடி முக்கோணம்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் இறங்கத் தொடங்கின,
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல்.
அதன் குறிப்பேட்டில்
கடைசி வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே
பத்தொன்பது நிமிடம்.
காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.
தண்ணீர் எண்பத்தொரு டிகிரி.
எண்பத்திரண்டு.

"எதில் ஏற்றினாய்?"
"நேமுனஸில்."
"டெபியனிலா," என்றான்.
அதற்குமேல் அவன் பேசவில்லை,
நானும் பேசவில்லை.
நேரிஸ் மட்டும் காலியான நெஞ்சோடு
இன்னும் இருமிக்கொண்டிருந்தது.

"பையனா, பெண்ணா?" என்று கேட்டேன்.
"பெண்."
"பெயர்?"
"இன்னும் வைக்கவில்லை," என்றான்.
"ரெண்டு வீட்டுக்கும் சண்டை."