கரண்ட் போன பிறகு

விடியுமுன் செகுந்தோவின் படகு கரைதொடும்.
ஆளுயரக் கணவாய். இந்தக் கடலில் அதற்கு ஹீபியா என்று பேர்.
நரம்பு எங்களுக்கு, மிச்சம் அவன் மனைவி மிரேயாவின் சட்டிக்கு.
பேரம் அவ்வளவுதான்.

நான் அறுப்பவள்.
ஆய்வகப் பலகையில் என் பெயர் கிடையாது.
சதையை விலக்கிச் சவ்வைச் சீவினால்
சேமியா தடிமனில் ஓர் இழை, கண்ணாடி நிறம்.
கத்தரி பிசகினால் அன்றைய பொழுது போச்சு.
இரு முனையிலும் நூல் கட்டிக்
கடல்நீர்க் கிண்ணத்தில் கிடத்துவேன்.

பதினோரு மணிக்குக் குழம்பு மணக்கும்.
உடல் வெந்துவிட்டது,
நரம்புக்கு இன்னும் சேதி போகவில்லை.
தொட்டால் துள்ளுகிறது
திரையில் பச்சைக் கோடு.

“என்ன ஓடுது ஒத்திலியா, அதுக்குள்ள?”
எதுவும் ஓடவில்லை என்றேன்.
உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம்,
நடுவே ஒரு தோல், தோலெங்கும் கதவு.
ஒன்று திறந்தால் உப்பு உள்ளே பாயும்,
பாய்ந்த வேகத்தில் பக்கத்துக் கதவு திறக்கும்.
திறந்தது உடனே தாழிட்டுக்கொள்ளும்,
தட்டினாலும் சற்றுநேரம் திறக்காது.
அதனால் சேதிக்கு முன்னே போகத்தான் வழி.
சொன்னால் முழுசாய்ச் சொல்லும்,
இல்லையென்றால் வாயே திறக்காது.

செகுந்தோ தலையைச் சொறிந்தான்:
“என் மாமியாரேதான்.”

ஜூலையில் ஓர் இரவு நிலம் குலுங்கியது.
அலமாரிக் குப்பிகள் ஒவ்வொன்றாய்க் குதித்தன.
நான் பிடித்தது மேசையை அல்ல, கிண்ணத்தை.
கை முந்திக்கொண்டது,
பயம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

பிறகு கரண்ட் போனது.
பச்சைக் கோடு புள்ளியாகி அணைந்தது.
சன்னலுக்கு வெளியே, வால்பரைசோவின் குன்றுகளில்
தெருத்தெருவாய் இருட்டு ஏறியது.

அப்போதுதான் உறைத்தது:
இந்தக் கட்டடத்தில் கரண்ட் போகாதது
இந்த இழைக்கும்
அதை ஏந்திய என் கைக்கும் மட்டும்.

அறுபது மில்லிவோல்ட்.
தீக்குச்சி முனையைக்கூடச் சுட வைக்காது.
அதற்கே இரவெல்லாம் பாடு:
மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே,
மறுபடி மூன்று, மறுபடி இரண்டு,
ஓட்டைப் படகில் நீரிறைப்பவனைப் போல.
அணைந்த திரைக்கு முன்னால்
என்றேனும் யாரேனும் தொடுவார்களென்று
உப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு.

நண்பகலில் கரண்ட் வந்தது.
தொட்டோம்.
கோடு நேராகவே போயிற்று.

பேரேட்டில் எழுதினேன்: இழை நாற்பத்தொன்று, பயனில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
நாங்கள் தாமதம்.