பத்து ரூபாய்

ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஐந்து ரோட்டில் செருப்பு வாங்கினேன்.
"ரெண்டு வருஷம் உழைக்கும் சார்."
மலிவானதைக் காட்டச் சொன்னேன்.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
எப்போதும் வேண்டாம் என்பேன், தலை சுற்றும்.
பதினாலாவது வளைவில் சேலம் முழுக்கத்
தீப்பெட்டி தீப்பெட்டியாய்க் கீழே கிடந்தது.
மாதையன் தரவேண்டிய நாலாயிரம்கூட
அவனிடமே இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

நாற்றுப்பண்ணையில் பட்டர் ஃப்ரூட் கன்று.
காய்க்க எத்தனை வருஷம்?
"ஆறு, ஏழு ஆகும்ணா."
வேண்டாமென்று வாசல்வரை போனவன்
திரும்பி வந்து
பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக்
கால்மணி நேரம் சண்டை போட்டேன்.

அந்நேரம் கவர் எங்கே இருந்தது,
யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.
புதுச் செருப்பு கடித்தது
ஞாபகம் இருக்கிறது.