முதல் பந்து

கோப்பை என் கையில் இருக்கிறது.
ஆற்காடு பஸ் நிலையம், ராத்திரி பன்னிரண்டரை.
முத்துக்கடைக்கு வண்டி வருமோ வராதோ.
கோப்பையில் டீ ஊற்றிக் குடிக்கிறார்கள் பையன்கள்.

போன வருஷம் வரை நான் பெஞ்சு செட்டர்.
கஜபதிக்கு மூச்சு வாங்கினால்
எனக்கு நாலு பாயிண்ட்,
மிச்ச நேரம் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல்.

குடியாத்தத்தில் ஒரு மில்
வேலையும் கொடுத்து டீமிலும் சேர்த்துக்கொண்டது அவனை.
காலியான இடத்தில் போய் நின்றேன்.
முதல் பந்து வந்தது:
வலைக்கு ஒரு முழம் தள்ளி,
நெற்றிக்கு நேர் மேலே,
சுழலாமல்,
தளும்பாத எண்ணெய்க் கிண்ணம் போல.
நான் நகரவே இல்லை.
விரல்களைத் திறந்தேன், அவ்வளவுதான்.

அனுப்பியவன் இம்தியாஸ்.
மேல்விஷாரத்திலிருந்து சைக்கிளில் வருவான்.
பகலெல்லாம் ஈரத்தோல் புரட்டும் முன்கைகள்;
சோப்புக்குப் போகாத குரோம் நீலம்.
எப்பேர்ப்பட்ட சர்வீஸும்
அந்த நீலத்தில் பட்டு அடங்கிவிடும்.
அப்புறம் இருக்கவே இருக்கிறான் சம்பத்.
நான் கோணலாய்த் தூக்கினதையும்
நெட்டையன் எட்டி அடித்துவிட்டு
"சூப்பர் பால்டா" என்பான் என்னிடம்.

நாலு டோர்னமெண்ட் ஜெயித்தோம்.
கஜபதியைவிட இவன் கை சுத்தம் என்றார்கள்.
நான் மறுக்கவில்லை.
அதையும் எழுதிவிட வேண்டும்.

இன்றைக்கு ஃபைனலில்
வலைக்கு அந்தப் பக்கம் அவன்.
அவர்கள் எடுத்த முதல் பந்தெல்லாம்
கம்பத்துக்குப் பின்னால் போனது,
மைக்காரர் மேஜைக்குப் போனது,
ஒரு தடவை போண்டா சட்டிக்கே போனது.
ஓடினான். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே
முட்டி தேய விழுந்து, விழுந்தபடியே
தலைக்குப் பின்னால் தூக்கிவிட்டான்
நான் ஜென்மத்துக்கும் தூக்க முடியாத ஒரு பந்தை.
வலையோரம் அது
அடி, அடி என்று தொங்கியது.
அடிக்க வேண்டியவன்
அப்போதுதான் பனியனை உள்ளே செருகிக்கொண்டிருந்தான்.

இருபத்தைந்துக்குப் பதினொன்று.
"செட்டர் சரியில்லப்பா" என்றார்
கயிற்றோரம் கடலை தின்றுகொண்டிருந்தவர்.
என் கேன்வாஸில் மண்கூட ஒட்டவில்லை.

வலைக்குக் கீழே கை கொடுத்தோம்.
அதே விரல்கள், அதே பிளாஸ்திரி.
ஒன்றுதான் கேட்டான்:
"இம்தியாஸ் தோளு எப்டி கீது?"

இப்போது அந்த இம்தியாஸ்
பையை ஹேண்டில்பாரில் மாட்டுகிறான்.
காலையில் ஷிஃப்ட்.
ஒரு காலை ஊன்றிக்கொண்டு,
ஏதோ ஞாபகம் வந்தவன் போல,
"சொல்லவே இல்லியே, ரியாத் விசா வந்துடுச்சு.
பெருநாள் முடிஞ்சதும் கெளம்பறேன்."

எல்லோரும் அவனைத் தூக்கிக் கத்துகிறார்கள்.
நானும் கத்தினேன்.
சைக்கிள் விளக்கு
பைபாஸ் பக்கம் திரும்பி மறைகிறது.

கோப்பையின் அடியில் கொஞ்சம் டீ.
ஆறிவிட்டது.
"உனக்குத்தான் வச்சோம், குடி" என்கிறான் சம்பத்.