ஏழாம் மாடியின் சத்தங்கள்

ஆறாம் மாடியில் என் தையல் மெஷின்.
அதற்கு நேர் மேலே தெங்கிஸின் கட்டில்.
நடுவில் ஒரு சாண் கான்கிரீட்,
சோவியத் காலத்தில் பாதி சிமெண்டைத் திருடிவிட்டு
மீதியை ஊற்றியது.
தும்மினால் கேட்கும்.

திபிலிசி மெட்ரோவில் ரயில் ஓட்டியவர்.
முப்பத்தொரு வருஷம் பூமிக்குள்.
ஓய்வு பெற்றதும் வெளிச்சத்தின் மேல் பேராசை.
லிஃப்டுக்குக் காசு போட மாட்டார்,
ஏழு மாடியும் ஜன்னல் ஜன்னலாய்ப் பார்த்துக்கொண்டே ஏறுவார்,
என் கதவைத் தாண்டும்போது ஒரு விசில்.

அக்டோபரில் விசில் நின்றது.
பல்செட் கட்டிக்கொண்டார் போல என்று நினைத்தேன்.
நவம்பரில் காலடி நான்காம் மாடியில் நின்று,
கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை,
பிறகு மறுபடி.
டிசம்பரில்
லிஃப்டுப் பெட்டிக்குள் காசு விழுந்தது.

வயசு என்றார்.
முற்றத்தில் நார்தி காய் உருட்டுகிறவர்களும் வயசு என்றார்கள்.
வயசு, எல்லோருக்கும் பொருந்தும் சட்டை.
நான் தைக்கிறவள்.
அப்படி ஒரு சட்டை கிடையாது.

கால்சட்டையை இடுப்பில் இரண்டு விரல் பிரித்துவிடச் சொன்னார்.
பத்தாம் நாள் அதே கால்சட்டை, இன்னும் இரண்டு விரல்.
தோளோ கோட்டுக்குள் ஹேங்கராய் நின்றது.
நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடுகிறதாம்.
அப்படியானால் எது பெருக்கிறது என்று
கேட்டிருக்க வேண்டும்.
உருளைக்கிழங்கு விற்கும் நானுலியின் தராசில் ஏறி நின்றார்:
நாலு நாளில் மூன்று கிலோ.
"கிலோ என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்றாள் நானுலி.
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இரவுக்கு மறைக்கத் தெரியாது.
ஒரு மணிக்கு இருமல்,
படுத்தால் வந்து எழுந்தால் அடங்குவது.
இரண்டுக்குக் கழிவறைத் தண்ணீர். மூன்றுக்கு மறுபடி.
பிறகு ஜன்னல்,
பனி கொட்டும் ராத்திரியில் அகலத் திறக்கிற ஜன்னல்.
கடைசியில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.
அதற்குப் பிறகு கட்டில் கிரீச்சிடவே இல்லை.
மூன்று இரவு.

நாலாம் நாள் லிஃப்டுக்குள் பார்த்தேன்.
வெளியே முழங்கால் பனி, இவர் காலில் வீட்டுச் செருப்பு.
"ஷூ சுருங்கிவிட்டது, லாமாரா."
கையில் சுல்குனிப் பாலாடைக்கட்டி, உப்புநீர் சொட்டச் சொட்ட.
ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை நின்றார்,
சுரங்கத்தில் சிக்னலுக்கு நிற்கிற மாதிரி.

குனிந்து சாக்ஸை இறக்கினேன்.
விளிம்பு பதிந்த இடம் வாய்க்கால்.
முன்காலின் எலும்பு மேல் கட்டை விரலை அழுத்தி,
ஐந்து எண்ணி, எடுத்தேன்.
விரல் வந்துவிட்டது.
பள்ளம் அங்கேயே இருந்தது,
என் தையல் விரலுறையை வைத்தால் உட்காரும் அளவுக்கு.
லிஃப்டுக் கதவு மூடிப் பார்த்தது, திறந்தது, மூடிப் பார்த்தது.

"நெஞ்சு வலிக்கவே இல்லையே" என்றார்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சரிவான் என்றுதானே
எல்லோரும் காத்திருக்கிறோம்.
இது சரியாமல்
ஊறிக்கொண்டே வந்திருக்கிறது.
ஒன்று, ஒன்று, இரண்டு என்று போனை அழுத்தினேன்.

"இதயம் நிற்கவில்லை" என்றார் டாக்டர் ஹாத்துனா.
"தள்ள மாட்டாமல் தள்ளுகிறது.
தள்ளாமல் விட்ட தண்ணீர் காலில் தேங்கும்,
படுத்தால் நுரையீரலுக்கு வரும்."
எப்போதிலிருந்து என்று கேட்டார்.
தெங்கிஸ் "நேற்றிலிருந்து" என்றார்.
நான் "விசிலிலிருந்து" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

கட்டில் இப்போது கிரீச்சிடுகிறது, இரண்டு தலையணையோடு.
பாலாடைக்கட்டி என் வீட்டுக்கு வந்துவிடுகிறது.
தினம் காலை, சாப்பிடும் முன், எடை பார்க்க வேண்டும்.
எங்கள் இரண்டு வீட்டையும் துளைத்துப் போகும் வெந்நீர்க் குழாயில்
முப்பது வருஷமாய்ச் சூடு வந்ததில்லை.
அதில் கரண்டியால் தட்டுவார்.
ஒரு தட்டு, எடை அதேதான்.
இரண்டு, கூடியிருக்கிறது.

இன்று இரண்டு.
ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு
படியில் ஏறுகிறேன்,
காசு தேடவில்லை.